ஒரு ரூபாய் போட்டால் ஒன்பது ரூபாய் சமூக மதிப்பா?

கேள்வி: திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமத்தில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். 60 பிள்ளைகள், 5 தன்னார்வலர்கள். ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் நிதியில் (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம்) வருடம் 6 லட்சம் தருகிறது. இப்போது "இதன் சமூக மதிப்பு ரூபாயில் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். இது சட்டப்படி கட்டாயம், ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஒரு ரூபாய்க்கு ஒன்பது ரூபாய் என்று ரிப்போர்ட் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்காமல் விடை ஒன்பது என்று சொல்பவர் செய்யப்போவது ஆய்வு இல்லை, தட்டச்சு. எனக்குத் தெரிந்த ஒரு டிரஸ்ட் இப்படித்தான் காசு கொடுத்து ரிப்போர்ட் வாங்கியது. டியூஷன் பற்றிய அந்த அறிக்கையின் நடுவில் "பால் கறவை அதிகரித்தது" என்று ஒரு வரி, பழைய மாட்டுத் திட்ட ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்!

சட்டம் சொல்வது வேறு. 2021 ஜனவரியில் திருத்திய சிஎஸ்ஆர் விதிப்படி, முந்தைய மூன்று வருடச் சராசரியில் 10 கோடியோ அதற்கு மேலோ சிஎஸ்ஆருக்குச் செலவிட வேண்டிய கம்பெனிக்குத்தான் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் என்ன பலன் என்று அளப்பது, கட்டாயம். அந்தக் கம்பெனிக்கும் எல்லாத் திட்டத்துக்கும் இல்லை. ஒரு கோடியோ அதற்கு மேலோ போட்ட திட்டம், அதுவும் முடிந்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். கம்பெனி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உங்கள் 6 லட்சம் அதில் வராது. வந்தாலும் கடமை கம்பெனிக்குத்தான், தங்களைச் சாராத ஒரு சுயேச்சையான அமைப்பை வைத்து அவர்கள் செய்ய வேண்டும், செலவும் அவர்களுடையது. இதைப் படித்துப் பார்க்காமல் கீழே இருக்கிற சின்ன டிரஸ்டுகளுக்கு ஃபார்ம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், என்ன சொல்ல.

சரி, கம்பெனிக்கு ஏதாவது எழுத வேண்டுமே. அந்தக் கன்சல்டன்ட் சொன்னது போல, போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் சமூக மதிப்பு என்று கணக்கிடும் எஸ்ஆர்ஓஐ முறை 1990-களில் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தது, முறையில் தப்பில்லை. ஆனால் அதன் உயிரே கழித்தலில் இருக்கிறது, இங்கே விற்பவர்கள் கூட்டலை மட்டும்தான் செய்கிறார்கள். முதல் தில்லுமுல்லு தன்னார்வலர் நேரம். ஐந்து பேர், தினம் 2 மணி நேரம், 200 நாள் என்றால் 2,000 மணி நேரம். உங்கள் ஊரில் டியூஷன் சொல்லித்தர மணிக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 2 லட்சம். இதை "நாங்கள் உருவாக்கிய மதிப்பு" என்று காட்டுவார்கள். இல்லை, அது நீங்கள் போட்ட முதல். கம்பெனியின் 6 லட்சத்தோடு சேர்த்து மொத்த முதலீடு 8 லட்சம்.

அப்புறம் பலன். வருட முடிவில் 60-ல் 40 பிள்ளைகள் முன்பைவிட நன்றாகப் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மையமே இல்லாத பக்கத்து ஊரில் பத்துக்கு மூன்று பேர் தானாகவே முன்னேறியிருந்தால், உங்களிடமும் 18 பேர் எப்படியும் முன்னேறியிருப்பார்கள். மீதி 22. அதிலும் சிலர் வேறு ஏதாவது படிப்பு மையத்துக்கும் போனவர்களாக இருந்தால் அதன் பங்கையும் கழிக்க வேண்டும். அதை விட்டாலும் 8 லட்சத்தை 22-ஆல் வகுத்தால், உங்களால் முன்னேறிய ஒரு பிள்ளைக்குச் செலவு சுமார் 36,000 ரூபாய். பார்க்க வலிக்கும், ஆனால் கம்பெனியில் கணக்குத் தெரிந்த ஒருவர் கேள்வி கேட்டால் இந்த எண் தாங்கும். அந்த ஒன்பது தாங்காது.

இதற்கு வருட ஆரம்பத்தில் பிள்ளைகள் எந்த நிலையில் இருந்தார்கள் என்ற பதிவு வேண்டும், உங்களிடம் இருக்காது என்று நினைக்கிறேன், யாரிடமும் இருப்பதில்லை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பிள்ளைகளின் வாசிப்பை அளக்கப் பயன்படுத்தும் அசர் வாசிப்புத் தாள் தமிழிலேயே இருக்கிறது: எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துப் படிக்கச் சொல்வது. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே உங்கள் பிள்ளைகளுக்கும் பக்கத்து ஊரில் அதே வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சம் பேருக்கும் வைத்து ஒரு நோட்டில் எழுதுங்கள், மார்ச்சில் மறுபடி வையுங்கள். இந்த வருடத்துக்கு வருகைப் பதிவேட்டையும் செலவுக் கணக்கையும் அனுப்பி, மதிப்பு அடுத்த வருடம் தருகிறோம் என்று கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.