குழித்துறையும் நெய்யாற்றின்கரையும்: நகராட்சிப் பணம் பற்றிய கேள்வி பதில்

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் வாழும் தமிழர்கள் உள்ளாட்சி நிதி குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு, ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் விடை எழுதியிருக்கிறேன்.

மார்த்தாண்டம் வாசகர்: ஐயா, 2022-இல் எங்கள் வீட்டு வரி ஒரேயடியாக ஏறியது. குழித்துறை நகர்மன்றம் நினைத்திருந்தால் ஏற்றாமல் விட்டிருக்கலாம் அல்லவா?

தீர்மானம் மன்றத்துடையது, விகிதம் கோட்டையில் முடிவானது. குடியிருப்புகளில் 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்ற உயர்வு அரசாணையாகவே வந்தது. அந்த ஆணைக்குப் பின்னால், ஒன்றிய அரசின் நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதி ஆணையத்தின் நிபந்தனை இருந்தது: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூலையும் உயர்த்திக் காட்டினால்தான் நகரங்களுக்கான ஒன்றிய மானியம் கிடைக்கும். ஆகவே உங்கள் வார்டு உறுப்பினரை மட்டும் கடிந்துகொள்வது நியாயமன்று. உண்மையான பிழை வேறிடத்தில் நடந்தது. 2008-க்குப் பின் முறையான சீராய்வு நடக்கவில்லை. 2018-இல் செய்த உயர்வு 2019-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. சிறுகச் சிறுக ஏறியிருக்க வேண்டிய வரி, தேர்தலுக்கு அஞ்சித் தள்ளிப்போடப்பட்டு, மொத்தமாக உங்கள் தலையில் இறங்கியது.

நெய்யாற்றின்கரையில் வசிக்கும் ஆசிரியை: எங்கள் நகரசபைக்கு இவ்வளவு தொகை என்று கேரள பட்ஜெட்டிலேயே அச்சாகிறது. உங்கள் பக்கம் அப்படி இல்லையா, சார்?

நீங்கள் சொல்வது அந்த பட்ஜெட்டின் நான்காம் பிற்சேர்க்கை. 1996-இல், உள்ளாட்சிகளே மக்களோடு கூடித் திட்டம் வகுக்கும் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குத் தருவதென்று கேரளம் முடிவெடுத்தது. அதன் தொடர்ச்சியாகவே ஒவ்வொரு ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் உரிய தொகை பெயர் குறிப்பிட்டுச் சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. இதுவும் சிறிய தொகையன்று. ஆனால் அது நகராட்சி நிர்வாக இயக்குநரகத்தின் வழியே தவணைகளாக வருகிறது; ஓய்வூதியப் பங்களிப்பு, கடன் தவணை போன்றவை அங்கேயே பிடித்தம் செய்யப்பட்டு, மீதமே நகராட்சிக் கணக்கில் சேர்கிறது. ஆணையத்தின் அறிக்கையில் ஒரு தொகையும் நகராட்சியின் வங்கிப் புத்தகத்தில் வேறொரு தொகையும் நிற்பதைப் பார்த்துப் பழகியவன் நான். முன்கூட்டித் தெரியாத வருவாயை நம்பி ஒரு மன்றம் வடிகால் திட்டம் போட முடியாது என்பதால், கேரளத்தின் முறையையே நான் உயர்வாக மதிக்கிறேன். அங்கும் நிதியாண்டு இறுதியில் கருவூலக் கட்டுப்பாடு வந்து ஒப்பந்தக்காரர்களின் பில்கள் காத்துக் கிடப்பதுண்டு. இருந்தாலும், தரவேண்டியது எவ்வளவு என்று அச்சில் இருக்கும்போது கேட்கும் உரிமை வலுப்பெறுகிறது.

நாகர்கோவில் மாணவர்: 2019-இல் மாநகராட்சி ஆனதால் வருவாய் பெருகியதா?

தரம் உயர்ந்ததாலேயே வருவாய் பெருகுவதில்லை. தொழில் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு 1988 முதல் மாறவேயில்லை. அது அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆம் பிரிவிலேயே இருப்பதால், மாநகராட்சியோ மாநில அரசோ அதை உயர்த்த இயலாது.

களியக்காவிளைத் தாயார் ஒருவர்: பாறசாலையில் என் அக்கா வேலை உறுதித் திட்டத்துக்குப் போகிறாள். எனக்கு மட்டும் ஏன் இல்லை?

அம்மா, கேரளத்துப் பாறசாலை கிராம ஊராட்சி; களியக்காவிளை பேரூராட்சி, அதாவது நகர்ப்புறக் கணக்கில் வருவது. அந்தத் திட்டம் ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. எது ஊரகம், எது நகரம் என்று அறிவிக்கும் அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது. கேரளத்தில் பேரூராட்சி என்ற படிநிலையே இல்லை. பேரூராட்சிகள் மிகுந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதன் பாதிப்பு பெரிது. ஊரக நிதியைப் பெறுவதற்காகத் தமிழ்நாடு 2004-இல் பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றி, 2006-இல் பழையபடி ஆக்கியது. ஊரும் வயலும் கூலியும் மாறாமலே, ஓர் அறிவிப்பினால் உரிமை வந்தது, போனது. எனவே தரம் உயர்த்துவதைக் கொண்டாடுவதற்கு முன், இழக்கப்போவது என்ன என்று கேட்பது அவசியம்.

அதே மாணவர்: தேர்தல் நடக்காத காலத்தால் பண இழப்பு உண்டா?

உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. இடையில் அரசு அமர்த்திய தனி அலுவலர்களே ஆண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் பதினான்காவது நிதி ஆணையத்தின் மானியம் என்பதால், தமிழ்நாட்டுக்கு உரிய தொகை நிறுத்தி வைக்கப்பட்டது. கேரளம் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் தேர்தல் நடத்திவருவதை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழித்துறை வணிகர்: எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது என்ன?

2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி வார்டுக் குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபையும் அமைக்கப்பட்டுள்ளன. உள்ளாட்சி தினமான நவம்பர் 1, நம் மாவட்டம் 1956-இல் தமிழகத்தோடு இணைந்த நாளும்கூட. அன்று கூடும் சபைக்கு வாருங்கள். மாநில நிதி ஆணையப் பகிர்வாக இவ்வாண்டு அனுமதிக்கப்பட்டது எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்ற மூன்று எண்களை மட்டும் எழுத்தில் கேளுங்கள். கணக்குப் பிரிவில் அவை ஆயத்தமாகவே இருக்கும்.