பயண நிதி வரும் என்று நம்பி வெளிநாட்டு மாநாட்டுக்கு டிக்கெட் எடுக்கலாமா?

எடுக்கலாம், அந்தப் பணத்தை ஒரு வருடம் மறந்திருக்க முடியுமென்றால். கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, நிதிக் கடிதம் மட்டும் வரவில்லை என்கிறீர்கள். உதவித்தொகையில் காலம் தள்ளும் ஆய்வு மாணவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். சம்பளம் வாங்கும் பேராசிரியர் என்றால் இந்தப் பதில் உங்களுக்கில்லை.

நான் போனது 2019 ஏப்ரலில், வியன்னாவில் நடந்த ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் பொதுக்கூட்டத்துக்கு. தென் தமிழ்நாட்டுச் செம்மணல் மேடுகளான தேரிக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீரைப் பற்றி ஒரு போஸ்டர், அதாவது ஆய்வை ஒரே தாளில் அச்சிட்டு மாட்டி விளக்குவது. அரசு நிதி தருவதாகக் கடிதம் வந்தபோது பயணத்துக்கு 11 நாள்தான் இருந்தது. கூடவே பணமும் வரும் என்று நினைத்திருந்தேன். போய் வந்து பில்லும் போர்டிங் பாஸும் கொடுத்தால்தான் தருவார்களாம். அரசுப் பணத்தில் பறந்தால் ஏர் இந்தியாவில்தான் பறக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. வளைகுடா வழியாக இன்னும் மலிவாகப் போயிருக்கலாம், என்ன செய்ய? 2022இல் ஏர் இந்தியா டாடாவிடம் போனபின் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அரசு அங்கீகரித்த டிக்கெட் முகவர்களான பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி மூன்றில் ஒன்றில் எடுத்த டிக்கெட்தான் செல்லும் என்று பல இடங்களில் கேட்பார்கள். உங்கள் திட்டத்தின் விதியைப் படித்துவிட்டு எடுங்கள். ஆப்பில் தள்ளுபடி கிடைத்தது என்று எடுத்துவிட்டுப் பிறகு அழ வேண்டாம்.

என் டிக்கெட்டுக்கு அத்தான் தன் ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டுக் கொடுத்தார், அக்காவுக்குத் தெரியாமல்.

நான் செய்த தப்பு ஒன்றுதான். சென்னையிலிருந்து டெல்லி போன போர்டிங் பாஸை டெல்லியிலேயே குப்பையில் போட்டேன். வியன்னா சீட்டு போதும் என்ற நினைப்பு. அந்தத் துண்டுச் சீட்டுக்குப் பதிலாக, நான் பறந்தேன் என்று விமான நிறுவனத்திடம் சான்று வாங்க இரண்டு மாதம் ஆனது. அப்புறம் கணக்குப் படிவத்தில் கல்லூரி முதல்வர் கையெழுத்து. அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் "ஃபாரின் சாக்லேட் எங்க சார்?" என்பார்கள். கையெழுத்துக்குப் போகும் நாளில்தான் தேர்வு மேற்பார்வைக்கு ஆள் குறையும். ஆய்வு மாணவன் என்றால் காசு தராமல் ஹாலில் நிற்க வைக்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மூன்று வருடம் நின்றேன், ஒரு டீ கூட வந்ததில்லை. கேட்டால் "அனுபவம்தானே தம்பி". சரி, அது வேறு கதை.

"அரசு கொடுத்தும் குறை சொல்கிறான்" என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன்: அந்த நிதி இல்லையென்றால் நான் வியன்னாவை வரைபடத்தில்தான் பார்த்திருப்பேன். நன்றி இருக்கிறது. மாநாடு நடத்துகிறவர்களிடமும் உதவி கேளுங்கள். பல இடங்களில் அதற்கான கடைசித் தேதி, ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் தேதிக்கு முன்பே முடிந்துவிடும். எனக்கு அது தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

பணம் 2020 ஜனவரியில் வந்தது. அசலை அத்தானிடம் கொடுத்தேன். வட்டிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை, அதை அவரே கட்டினார். அக்காவுக்கு இன்னமும் தெரியாது.