மூன்று முறை நிறுவிய பிறகும் ஆர் தொகுப்புகள் திறக்க மறுப்பது ஏன்?

கேள்வி: “உபுண்டு இயங்குதளத்தில் 20.04-இலிருந்து 22.04-க்கு மாறினேன். புள்ளியியலுக்கான ஆர் நிரல் மொழி முன்பும் 4.2, இப்போதும் 4.2தான். ஆனால் உரையைக் கையாளும் ஸ்ட்ரிங்ஆர், வரைபடத் தரவைக் கையாளும் எஸ்எஃப் இரண்டு தொகுப்புகளும் திறக்கவில்லை. ஒவ்வொன்றையும் மூன்று முறை நிறுவிப் பார்த்தும் அதே பிழைதான் வருகிறது. ஆய்வேட்டு வேலை நின்றுபோயிருக்கிறது. ஆரையே நீக்கிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து போடுவதுதான் வழியா?”

எதையும் நீக்காதீர்கள். நீங்கள் இணைத்திருக்கும் பிழைச் செய்தியிலேயே விடை இருக்கிறது. அரை மணி நேர வேலைதான், அதிலும் பெரும்பகுதி கம்பைல் (மூல நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றுவது) ஆகும்வரை காத்திருப்பது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூன்று முறை நிறுவவில்லை. மூன்று முறை நிறுவ முயன்றிருக்கிறீர்கள், மூன்று முறையும் நிறுவல் தோற்றிருக்கிறது. ஆர் ஒரு தொகுப்பை மேலெழுதும் முன் பழைய பிரதியை ஓரமாக எடுத்து வைக்கும். புதியது பாதியில் நின்றுபோனால் பழையதையே திரும்ப வைத்துவிடும். “ரெஸ்டோரிங் ப்ரீவியஸ்” என்று திரையில் ஓடும் வரி அதைத்தான் சொல்கிறது. அதற்குப் பிறகு “நான்-ஜீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ்” என்று ஒரு வரி வரும். நிறுவல் தோற்றது என்பதற்கான அறிவிப்பு அதுதான். ஆனால் ஆர் அதைப் பிழை என்று சொல்லாமல் வெறும் எச்சரிக்கையாகவே காட்டுகிறது. இருநூறு வரி கம்பைல் வெளியீட்டுக்குக் கீழே கிடக்கும் அந்த ஒரு வரி யார் கண்ணிலும் படுவதில்லை. இது ஆரின் வடிவமைப்பில் உள்ள குறை என்பது என் உறுதியான கருத்து. எத்தனையோ மாணவர்களின் நாட்களை இந்த ஒரு வரி தின்றிருக்கிறது.

இப்போது உங்கள் முதல் பிழை. நீங்கள் கேட்டது ஸ்ட்ரிங்ஆர். செய்தியில் வரும் கோப்போ ஸ்ட்ரிங்கி.எஸ்ஓ (‘எஸ்ஓ’ என்பது கம்பைல் செய்யப்பட்ட நூலகக் கோப்பின் அடையாளம்). கடைசி வரி, லிப்ஐசியுஐ18என்.எஸ்ஓ.66 என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை என்கிறது. ஒரே செய்தியில் மூன்று பெயர்கள்: நீங்கள் அழைத்தது, விழுந்தது, காணாமல் போனது. பெரும்பாலோர் முதல் பெயரைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப நிறுவுகிறார்கள். வைத்தியம் இரண்டாவது பெயருக்குத்தான். அதற்கான காரணம் மூன்றாவது பெயரில் இருக்கிறது.

ஸ்ட்ரிங்ஆர் என்பது எளிய பெயர்களில் எழுதப்பட்ட ஒரு மேல்தோல். எழுத்துகளைப் பிரிப்பது, தேடுவது, மாற்றுவது எல்லாவற்றையும் அடியில் ஸ்ட்ரிங்கிதான் செய்கிறது. ஸ்ட்ரிங்கி தன் பங்குக்கு ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தைச் சார்ந்து நிற்கிறது. ‘கொ’ என்பது மூன்று குறியீடுகளாகச் சேமிக்கப்பட்டாலும் இரண்டாகச் சேமிக்கப்பட்டாலும் ஒரே எழுத்துதான் என்று கணினிக்குச் சொல்லித் தருவது இந்த ஐசியு போன்ற நூலகங்களே. தமிழ் உரையைத் தரவாக வைத்து வேலை செய்யும் நம்மைப் போன்றவர்களுக்கு இது வேண்டாத சுமை அல்ல, அடித்தளம்.

உபுண்டு 20.04-இல் இருந்தது ஐசியு 66. 22.04-இல் இருப்பது ஐசியு 70. உங்கள் ஸ்ட்ரிங்கி பழைய இயங்குதளத்தில் கம்பைல் ஆனபோது, 66-ஐத்தான் தேடுவேன் என்று தன் உடம்பிலேயே எழுதி வைத்துக்கொண்டது. இயங்குதளத்தை மாற்றியபோது 66 போய்விட்டது. ஆனால் உங்கள் வீட்டுக் கோப்புறையில் (‘ஹோம்’) இருக்கும் ஆர் தொகுப்புகளை உபுண்டு தொடுவதே இல்லை. அவை பழைய உலகத்தை நினைத்தபடி அப்படியே இருக்கின்றன. ஆர் பதிப்பு 4.2 என்றே தொடர்வதால், ஆர் அதே 4.2 கோப்புறைக்குப் போய், அதே பழைய பிரதியை எடுத்து, அதே இடத்தில் தடுக்கி விழுகிறது.

ஸ்ட்ரிங்ஆரை மறுபடி நிறுவினால் ஏன் சரியாகவில்லை? நிறுவும் கட்டளை, சார்ந்திருக்கும் தொகுப்புகள் இருக்கின்றனவா என்று மட்டும்தான் பார்க்கும். ஸ்ட்ரிங்கி இருக்கிறது, பதிப்பு எண்ணும் போதுமானது. அது உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பதில்லை. பிறகு ஸ்ட்ரிங்ஆரை அமைக்கும்போது ஸ்ட்ரிங்கியை ஏற்ற வேண்டி வருகிறது. ஏறவில்லை. நிறுவல் தோற்கிறது. பழைய பிரதி திரும்ப வந்து உட்காருகிறது.

எஸ்எஃப் கதை கொஞ்சம் வேறு. அங்கே விழுந்ததும் எஸ்எஃப்தான், காணாமல் போனது லிப்ஜிடால்.எஸ்ஓ.26. வரைபடக் கோப்புகளைப் படிக்கும் ஜிடால் நூலகம் 22.04-இல் 30 என்ற எண்ணோடு வருகிறது. ஆக நீங்கள் எஸ்எஃப்பை மறுபடி நிறுவ நினைத்தது சரியான எண்ணமே. ஆனால் உங்கள் வெளியீட்டின் நடுவில் ‘ஜிடால்-கான்ஃபிக்’ கிடைக்கவில்லை என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கேயே வேலை நின்றுவிட்டது. ஜிடாலை இயக்கும் கோப்பு ஒன்று, அதை வைத்து வேறொன்றைக் கம்பைல் செய்யத் தேவையான தலைப்புக் கோப்புகள் வேறு. உபுண்டு இவற்றைத் தனித்தனிப் பொதிகளாகத் தருகிறது. இரண்டாவது வகையின் பெயர்கள் ‘டெவ்’ என்று முடியும். அது உங்களிடம் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. டெர்மினலில், ஆருக்கு வெளியே, லிப்ஐசியு-டெவ், லிப்ஜிடால்-டெவ், லிப்ஜியோஸ்-டெவ், லிப்ப்ராஜ்-டெவ், லிப்யுடியூனிட்ஸ்2-டெவ் ஆகிய ஐந்தையும் உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக நிறுவுங்கள். பிறகு ஆரைப் புதிதாகத் திறந்து, எந்தத் தொகுப்பையும் ஏற்றாமல், முதலில் ஸ்ட்ரிங்கியை நிறுவுங்கள். ஸ்ட்ரிங்ஆர் அல்ல, ஸ்ட்ரிங்கி. அது முடிந்ததும் லைப்ரரி கட்டளையால் ஸ்ட்ரிங்ஆரை அழைத்துப் பாருங்கள், அதைத் தொடாமலே திறந்துகொள்ளும். அடுத்து எஸ்எஃப்.

இந்த இரண்டோடு பிரச்சினை நிற்காது. இதே இயங்குதள மாற்றத்தில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகமும் 1.1-இலிருந்து 3-க்குப் போயிருக்கிறது. அதைச் சார்ந்த தொகுப்புகளும் நாளையோ மறுநாளோ இதே போல விழும். ஒவ்வொன்றாக விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிறுவப்பட்ட தொகுப்புகளின் பட்டியலை ஆரே தரும், அதில் ‘நீட்ஸ் கம்பைலேஷன்’ என்ற ஒரு நெடுவரிசை உண்டு. உங்கள் வீட்டுக் கோப்புறையில் இருப்பவற்றுள் அந்த நெடுவரிசையில் ‘யெஸ்’ (ஆம்) என்று உள்ள பெயர்களை மட்டும் எடுத்து, மொத்தமாக நிறுவும் கட்டளைக்குக் கொடுங்கள். எது முன், எது பின் என்ற வரிசையை அது தானே பார்த்துக்கொள்ளும். முழுக்க ஆரிலேயே எழுதப்பட்ட தொகுப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றை விட்டுவிடலாம்.

‘செக்பில்ட்’ தேர்வோடு எல்லாவற்றையும் புதுப்பிக்கச் சொல்லி ஒருவர் உங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறார். நல்ல அறிவுரைதான், ஆனால் வேறு நோய்க்கானது. பழைய ஆர் பதிப்பில் கட்டப்பட்ட தொகுப்புகளையே அது தேடிப் பிடிக்கும். உங்கள் ஆர் பதிப்பு மாறவில்லை, ஆகவே அந்தத் தேர்வு உங்கள் தொகுப்புகளைப் பழையவையாகக் கருதாது.

இன்னொருவர் சொன்ன வழி என்னைக் கவலைப்பட வைக்கிறது: ஐசியு 70 கோப்புக்கு 66 என்று ஒரு குறுக்கு இணைப்புப் பெயர் கொடுத்துவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஐசியு தன் ஒவ்வொரு சார்பின் (ஃபங்ஷன்) பெயரோடும் பதிப்பு எண்ணை ஒட்டி வைக்கிறது. ஸ்ட்ரிங்கி தேடுவது 66 என்று முடியும் பெயர்களை, 70-இன் உள்ளே இருப்பவை 70 என்று முடியும் பெயர்கள். கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை போய், ‘அன்டிஃபைன்டு சிம்பல்’ என்ற பிழை வரும். முன்பு தெளிவாக இருந்த அடையாளத்தையும் அழித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறொருவர் தலையைப் பிய்த்துக்கொள்ள ஒரு பொய்க் கோப்பையும் விட்டுவைத்திருப்பீர்கள். பழைய உபுண்டுவின் பொதியைத் தேடி இறக்கி 22.04-இல் திணிப்பதும் இதே வகைதான். பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கு வரப்போவதில்லை.

எந்த எஸ்ஓ கோப்பு எதை இழந்து நிற்கிறது என்று நீங்களே பார்க்க ஒரு கருவி உண்டு: எல்டிடி. அதை நேரடியாக ஓட்டாமல் ‘ஆர் சிஎம்டி எல்டிடி’ என்று ஆர் வழியாக ஓட்டுங்கள். அப்போதுதான் ஆர் பார்க்கும் அதே தேடுபாதைகளோடு அது பார்க்கும். தொகுப்பின் கோப்புறைக்குள் ‘லிப்ஸ்’ என்ற உட்கோப்புறையில் அந்தக் கோப்பு இருக்கும். வெளியீட்டில் ‘நாட் ஃபவுண்ட்’ என்று வரும் வரிதான் உங்கள் நோயாளியின் நாடி.

இதே பக்கத்துக்கு வேறு பிழையோடு வருபவர்களுக்காகச் சில வரிகள் சேர்க்கிறேன். எல்லா ஏற்றுதல் பிழைகளும் ஒரே குடும்பம் அல்ல.

‘தேர் இஸ் நோ பேக்கேஜ் கால்ட்’ என்று வந்தால் கேள்வி வேறு: ஆர் எங்கே தேடுகிறது? ஆர் மொழியில் லைப்ரரி என்றால் தொகுப்புகள் இருக்கும் கோப்புறை, தொகுப்பு அதிலுள்ள ஒரு நூல். ‘டாட் லிப்பாத்ஸ்’ என்ற சார்பை வெறும் அடைப்புக்குறிகளோடு அழைத்தால் ஆர் தேடும் கோப்புறைகளை வரிசையாகச் சொல்லும். முதலில் கிடைப்பதையே எடுக்கும், பின்னால் புதிய பிரதி இருந்தாலும் கவலைப்படாது. ஒரு முறை நிர்வாகி உரிமை தரும் சுடோ போட்டும் ஒரு முறை போடாமலும் நிறுவியவர்களுக்கு இரண்டு இடங்களில் இரண்டு பிரதிகள் இருக்கும். விண்டோஸில் 4.2 வந்தபோது, பயனர் கோப்புறை ‘டாக்குமென்ட்ஸ்’ என்ற இடத்திலிருந்து ‘ஆப்டேட்டா’வின் உள்ளே இடம் மாறியது. அந்த வாரம் என்னுடன் வேலை செய்த ஒருவர், நான்கு ஆண்டுகளாகச் சேர்த்த தொகுப்புகள் எல்லாம் அழிந்துவிட்டன என்று கலங்கிப்போய் அழைத்தார். ஒன்றுமே அழியவில்லை. ஆர் வேறு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பழைய கோப்புறையை அப்படியே புதிய பதிப்புக்கு நகலெடுப்பதும் ஆபத்து. 2020 ஏப்ரலில் 4.0.0 வெளியானபோது, அதற்கு முன் நிறுவிய எல்லாத் தொகுப்புகளையும் மறுபடி நிறுவியே ஆக வேண்டியிருந்தது. நகலெடுத்தவர்களிடம் ஆர் அதை வெளிப்படையாகவே சொன்னது.

‘ஆல்ரெடி லோடட்’ என்று ஒரு பதிப்பையும் அதைவிடப் புதிய ஒன்று தேவை என்றும் சொன்னால், எதையும் நிறுவும் முன் ஆரை மூடித் திறங்கள். ஓடிக்கொண்டிருக்கும் அமர்வில் பழைய பிரதி நினைவகத்தில் இருக்கிறது, அதை வட்டில் மாற்றிப் பயனில்லை. ‘00லாக்’ என்று தொடங்கும் கோப்புறை வழியை மறிக்கிறது என்றால், முன்பு பாதியில் நின்ற நிறுவலின் மிச்சம் அது. வேறு நிறுவல் எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு அழிக்கலாம். வரைபடத் தரவுக்கான பழைய தொகுப்பான ஆர்ஜிடால் கிடைக்கவில்லை என்று தேடுபவர்கள் தேடலை நிறுத்திவிடலாம். 2023 அக்டோபரில் அது, ஆர் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான சிரானிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. அதன் வேலையை இப்போது எஸ்எஃப்பும் டெர்ரா என்ற தொகுப்பும் செய்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது உங்கள் நிரலைப் பார்த்ததால் சொல்வது. முதல் வரிகளில் எல்லாத் தொகுப்புகளையும் ‘ரிக்வயர்’ என்ற சார்பால் அழைத்திருக்கிறீர்கள். தொகுப்பு கிடைக்காவிட்டால் ரிக்வயர் பொய் என்ற மதிப்பைத் திருப்பி, ஓர் எச்சரிக்கையை மட்டும் விட்டுவிட்டு, நிரலை மேலே ஓட விடும். அறுபதாவது வரியில் ‘குட் நாட் ஃபைண்ட் ஃபங்ஷன்’ என்று நிற்கும்போது, தவறு அறுபதாவது வரியில் இருப்பதாகவே தோன்றும். லைப்ரரி கட்டளையோ அங்கேயே, முதல் வரியிலேயே நின்றுவிடும். ஆய்வேட்டுக்கான நிரலுக்கு அந்தக் கண்டிப்பு வேண்டும். தொகுப்பு இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி என்று நீங்களே கிளை பிரித்து எழுதும் இடத்தில் மட்டும் ரிக்வயரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து டெவ் பொதிகளையும் போட்டு, ஸ்ட்ரிங்கியை நிறுவி, பிறகும் எஸ்எஃப் திறக்கவில்லை என்றால், நிறுவல் வெளியீட்டின் முதல் பிழை வரியையும் கடைசி ஐந்து வரிகளையும், ‘செஷன்இன்ஃபோ’ சார்பு தரும் முழு விவரத்தையும் இங்கேயே கீழே ஒட்டுங்கள். இரவு பார்த்துச் சொல்கிறேன்.