கப்பல் பயணக் கட்டணம் குறைந்துவிட்டது: ஏஜென்ட் கேட்கும் தொகையைக் கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் டாலஸில் வசிக்கிறோம். இந்தக் கோடையில் தமிழ்நாட்டிலிருந்து வரும் என் மாமனார், மாமியாரையும் அழைத்துக்கொண்டு, ஜூலை 9 அன்று சியாட்டிலில் புறப்படும் ஏழு இரவு அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு, அடுத்தடுத்த இரண்டு பால்கனி கேபின்களை ஒரு ட்ராவல் ஏஜென்ட் மூலம் பதிவு செய்திருக்கிறோம். வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு கேபினுக்கு 3,400 டாலர். கேபினுக்கு 500 டாலர் டெபாசிட் கட்டியாகிவிட்டது. மீதியை ஏப்ரல் 10க்குள் கட்ட வேண்டும். இதுபோக ஏஜென்ட் தன் சேவைக் கட்டணமாகக் கேபினுக்கு 100 டாலர் தனியாக வாங்கிக்கொண்டார். இப்போது கப்பல் கம்பெனியின் தளத்தில் அதே கேபின் 3,160 டாலர் என்று காட்டுகிறது. விலையை மாற்றித் தரும்படி கேட்டால், கேபினுக்கு இன்னும் 50 டாலர் கொடுக்க வேண்டும் என்றும், ரத்து செய்தால் கேபினுக்கு 75 டாலர் என்றும் சொல்கிறார். ரத்து செய்துவிட்டு நேரடியாகக் கம்பெனியிலேயே பதிவு செய்வது நல்லதா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தில் ரத்து செய்துவிடாதீர்கள், ஏனென்றால் உங்கள் கணக்கில் அதுதான் அதிகச் செலவு பிடிக்கும் வழி.

முதலில், தளத்தில் நீங்கள் பார்த்த 3,160 டாலர் உண்மையிலேயே உங்கள் கேபினுக்கான விலைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கப்பல் கம்பெனிகள் ஒரே வகைக் கேபினை இரண்டு விதமாக விற்கின்றன: ஒன்று, கேபின் எண்ணை நீங்களே தேர்ந்தெடுப்பது, மற்றொன்று, வகை மட்டும் உறுதி, எந்தக் கேபின் என்பதைக் கம்பெனி பின்னால் ஒதுக்கும் 'கேரண்டி' முறை. இரண்டாவது பெரும்பாலும் விலை குறைவாக இருக்கும், ஆனால் அதை எடுத்தால் வயதானவர்கள் ஏழாவது தளத்தில் முன்பக்கமும் நீங்கள் பத்தாவது தளத்தில் பின்பக்கமும் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. அடுத்தடுத்த கேபின் என்பதற்காகத்தானே நீங்கள் முன்கூட்டியே பதிவு செய்தீர்கள்? ஆகவே தளத்தில் உங்கள் கேபின் வகைக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து, எண்ணை நீங்களே தேர்வு செய்யும் வழியில் கடைசிப் பக்கம் வரை சென்று, பணம் கட்டும் இடத்துக்கு முன் வரும் மொத்தத் தொகையைப் பாருங்கள். கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற கலிஃபோர்னியா சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, கம்பெனிகள் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்தே விலை காட்டுகின்றன. ஏஜென்ட் கொடுத்த இன்வாய்ஸில் இவை தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அடியில் உள்ள மொத்தத்தை மட்டுமே ஒப்பிடுங்கள். கப்பல் ஊழியர்களுக்கான தினசரி டிப்ஸ் ஒரு பக்கத்தில் சேர்ந்தும் மறுபக்கத்தில் சேராமலும் இருந்தால் ஒப்பீடே தவறாகிவிடும்.

அடுத்து, விலையை மாற்றும்போது பழைய சலுகை போய்ப் புதிய சலுகை வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் பதிவு செய்த காலத்துச் சலுகையில், கப்பலுக்குள் செலவழிக்கக் கேபினுக்கு 100 டாலர் கிரெடிட் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்வாய்ஸை எடுத்துப் பார்த்தால் உங்களுடையது எவ்வளவு என்று தெரிந்துவிடும். புதிய விலையில் அந்தக் கிரெடிட் இல்லையென்றால், 240 டாலர் குறைந்ததாகத் தெரிவது உண்மையில் 140 டாலர்தான். அதிலிருந்து ஏஜென்ட்டின் 50 டாலரைக் கழித்தால் கேபினுக்கு 90, இரண்டுக்கும் 180 டாலர் கையில் நிற்கும். ரத்து செய்து நேரடியாகப் பதிவு செய்தால் 50க்குப் பதில் 75 கழியும், மிச்சம் மொத்தம் 130 டாலர்தான். இதுவும் டெபாசிட் திருப்பித் தரக்கூடிய வகையாக இருந்தால் மட்டுமே. திருப்பித் தராத டெபாசிட் என்றால், 130 டாலர் மிச்சப்படுத்தப் போய் 1,000 டாலரை இழப்பீர்கள். அதோடு, ரத்து செய்த நொடியில் உங்கள் இரண்டு கேபின்களும் பொது விற்பனைக்குப் போய்விடும், மறுபடி அவையே கிடைக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஏற்கெனவே கொடுத்த 200 டாலர் சேவைக் கட்டணத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், எந்த வழியில் போனாலும் அது திரும்பி வரப்போவதில்லை.

ரத்து செய்யாமல் பதிவைக் கம்பெனியின் கைக்கே மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். நேரடியாகச் செய்த பதிவைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஏஜென்ட்டுக்கு மாற்றக் கம்பெனிகள் அனுமதிக்கின்றன, ஆனால் ஏஜென்ட் செய்த பதிவில் பொதுவாக அவர் மூலமாக மட்டுமே மாற்றம் செய்ய முடியும். நீங்கள் ஃபோன் செய்தால் "உங்கள் ஏஜென்ட்டிடம் பேசுங்கள்" என்பார்கள்.

இனி, ஏஜென்ட் கேட்கும் 50 டாலர் நியாயமா என்ற கேள்விக்கு வருகிறேன். விமான டிக்கெட்டுக்கு ஏஜென்ட்டுகள் கட்டணம் வாங்குவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1995இல் டெல்டா தொடங்கிவைத்து அமெரிக்க விமான நிறுவனங்கள் கமிஷனுக்கு உச்சவரம்பு வைத்தன, 2002இல் அடிப்படைக் கமிஷனையே நிறுத்தின. கப்பல் கம்பெனிகள் அப்படிச் செய்யவில்லை. இன்றும் பயணக் கட்டணத்தில் சுமார் 10 முதல் 16 சதவீதம் வரை ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருகின்றன. வரிக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் கமிஷன் கிடையாது, பயணக் கட்டணத்திலேயே ஒரு பகுதிக்கும் கமிஷன் தர மாட்டார்கள், மீதிப் பகுதிக்குத்தான் தருவார்கள். உங்கள் 3,400 டாலரில் கமிஷனுக்கு உரிய பகுதி 2,400, விகிதம் 12 சதவீதம் என்று கொண்டால், கேபினுக்கு 288 டாலர், இரண்டுக்கும் 576 டாலர் அவருக்கு வரும். விலை 240 டாலர் குறைந்தால் கேபினுக்கு 28 டாலர் 80 சென்ட் கமிஷன் குறையும், அதாவது மொத்தம் ஐம்பத்தேழு டாலர் சொச்சம். ஆக, உங்களுக்கு விலை குறைவது அவருக்கு வருமானம் குறைவது. தானே கண்காணித்துச் சொல்லும் ஆர்வம் அவருக்கு ஏன் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. அதே சமயம், கமிஷன் அவர் கைக்குப் பெரும்பாலும் முழுத்தொகை கட்டிய பிறகோ பயணம் முடிந்த பிறகோதான் வருகிறது, வாடிக்கையாளர் இடையில் ரத்து செய்தால் செய்த வேலைக்கு ஒரு காசும் கிடைக்காது. அதனால் பதிவுக் கட்டணமும் ரத்துக் கட்டணமும் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். விலை மாற்றத்துக்கு 100 டாலர் கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குறையும் கமிஷனைவிடக் கூடுதலாகக் கேட்கிறார், மிச்சக் கமிஷனும் முதலில் வாங்கிய 200 டாலரும் அவரிடம் இருக்கும்போதே.

அந்த 200 டாலருக்கு அவர் உருப்படியாக ஏதாவது செய்தாரா என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. 1886ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டில் பதிவான பயணிகள் கப்பல் சியாட்டிலில் ஏற்றியவர்களை அலாஸ்கா சுற்றிக்காட்டி மறுபடி சியாட்டிலில் இறக்க வேண்டுமானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அதனால்தான் இந்தக் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் உங்கள் மாமனார், மாமியாருக்குக் கனடா விசா வேண்டும், அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை அவர் பதிவின்போதே சொல்லியிருந்தால் 200 டாலருக்குத் தகுதியானவர்தான். சொல்லவில்லை என்றால் விசா வேலையை உடனே தொடங்குங்கள், ஏனென்றால் ஆவணம் இல்லாமல் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்பட்டால் கட்டிய பணம் திரும்பாது.

செய்ய வேண்டியது இதுதான். ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஃபோனில் பேசினாலும் பேசியதை எழுத்தில் அனுப்புங்கள். இரண்டு கேபின் எண்களையும் மாற்றாமல் இன்றைய விலைக்கு மாற்ற முடியுமா, மாற்றினால் எந்தச் சலுகை போகும், புதிய மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். விலை மாற்றக் கட்டணம் பதிவின்போது எழுத்தில் சொல்லப்பட்டதா என்றும் பாருங்கள். சொல்லப்படவில்லை என்றால் கட்ட மறுக்க உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது. சொல்லப்பட்டிருந்தாலும், கமிஷன் தொடர்ந்து வருவதைச் சுட்டிக்காட்டி, கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படியோ, அல்லது அதற்கு ஈடாகக் கப்பல் கிரெடிட் தரும்படியோ கேளுங்கள். தங்கள் கமிஷனிலிருந்து வாடிக்கையாளருக்குக் கிரெடிட் தருவது இந்தத் தொழிலில் வழக்கமான ஒன்றுதான். மறுத்தாலும் 50 டாலர் கொடுத்து மாற்றிக்கொள்வதே லாபம், மேலே சொன்ன கணக்கு உங்கள் இன்வாய்ஸிலும் அப்படியே வந்தால்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இறுதித் தவணைக்குப் பெரும்பாலான கம்பெனிகள் புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாட்கள் முன்பாக நாள் குறிக்கின்றன, அந்த நாள் தாண்டினால் விலை எவ்வளவு சரிந்தாலும் வித்தியாசத்தைத் திருப்பித் தருவதில்லை. அதிகபட்சம், கேட்டுப் பார்த்தால் கேபின் தரத்தை உயர்த்தியோ கொஞ்சம் கிரெடிட் கொடுத்தோ சமாதானம் செய்வார்கள், அதுவும் அவர்கள் விருப்பம். உங்கள் ஏப்ரல் 10 என்பது கம்பெனியின் நாளா அல்லது ஏஜென்ட் தன் வசதிக்காக முன்தள்ளி வைத்த நாளா என்பதையும் கேளுங்கள், பின்னது என்றால் உங்களுக்கு இன்னும் சில நாட்கள் கிடைக்கும். அதற்குள் விலை மறுபடி குறைந்தால் மறுபடி கட்டணம் உண்டா என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

விலை மாறிய பின் வரும் புதிய இன்வாய்ஸில் கேபின் எண்கள், இரவு உணவு நேரம், முன்கூட்டிக் கட்டிய டிப்ஸ் எல்லாம் பழையபடியே இருக்கின்றனவா என்று அன்றே சரிபாருங்கள். மீதித் தொகையைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ஸ்டேட்மென்ட்டில் கப்பல் கம்பெனியின் பெயர் வர வேண்டும். ஏஜென்ட்டின் பெயரில் முழுத்தொகையும் வந்தால், அந்தப் பணம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பதிவு எண்ணைச் சொல்லிக் கம்பெனியிடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.