தீ வைத்தவருக்கு என்ன பெயர்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓர் ஆங்கில நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் பதினான்கு வயதுப் பையன் வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைத்துவிடுகிறான். போலீஸ்காரர் அதை 'ஆர்சன்' என்கிறார். பத்திரிகை அவனை 'ஆர்சனிஸ்ட்' என்கிறது. ஊர்க்காரர்களுக்கு அவன் 'ஃபயர்பக்'. பள்ளி ஆசிரியை 'பைரோமேனியாக்' என்கிறார். நான் வேறுவேறாகத் தர முயன்றேன். பதிப்பாசிரியரோ பையனைக் குறிக்கும் இடத்திலெல்லாம் 'தீவைப்பாளர்' என்று மாற்றிவிட்டார். எல்லாம் ஒன்றுதானா? ஆங்கிலத்தில் இத்தனை சொல் இருக்க, நம்மிடம் ஒன்றுகூட இல்லாதது குறைதானே?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

ஒன்றல்ல. பதிப்பாசிரியரிடம் நீங்கள் மல்லுக்கட்டத்தான் வேண்டும்.

'ஆர்சன்' சட்டத்தின் சொல். எரிவதைக் குறிக்கும் 'ஆர்தெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தின் நீதிமன்றங்களுக்குள் வந்தது. தகிக்கிற ஆசையைச் சொல்லும் 'ஆர்டென்ட்' இதற்கு உடன்பிறப்பு. 1769-இல் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் தன் சட்ட உரையில், பிறருடைய வீட்டையும் அதைச் சேர்ந்த கட்டடங்களையும் கெட்ட எண்ணத்தோடு வேண்டுமென்றே எரிப்பதுதான் ஆர்சன் என்று எழுதினார். பிறருடையது என்பது அதில் முக்கியம். ஆட்கள் குடியிருக்கும் இடத்தில் நெருப்பு வைப்பது என்பதுதான் பழைய சட்டத்தின் பயம். 1971-இல் வந்த சட்டம் இந்த எல்லையை விரித்தது. தீயால் எந்தச் சொத்தைச் சேதப்படுத்தினாலும் இன்று இங்கிலாந்தில் அது ஆர்சன்தான். உங்கள் கதை ஸ்காட்லாந்தில் நடந்திருந்தால் அதே செயலுக்கு 'ஃபயர் ரெய்ஸிங்' என்று குற்றச்சாட்டு எழுதியிருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் நமக்கு எழுதிக்கொடுத்த 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்திலும் 435, 436 பிரிவுகள் இதைத் 'தீயினால் செய்யும் மிஸ்சீஃப்', அதாவது தீயால் சொத்துக்குக் கேடு விளைவிப்பது, என்றுதான் சொல்லின. ஆக, போலீஸ்காரர் வாயில் 'தீவைப்புக் குற்றம்' என்று வரட்டும். அது செயலின் பெயர், ஆளின் பெயரல்ல.

ஆளுக்குப் பெயர் வைக்கும்போதுதான் எனக்குக் கவலை. 'ஆர்சனிஸ்ட்' வந்தது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஆங்கிலத்தில் தீ வைத்தவர் 'இன்சென்டியரி'. உங்கள் நாவலில் இது இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

1830-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் வயலில் வேலை இருக்காது. களத்தில் தடியால் கதிரடிக்கிற வேலைதான் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது. இயந்திரம் அதைப் பிடுங்கிக்கொண்டது. 'ஸ்விங்' என்று கையெழுத்திட்ட மிரட்டல் கடிதங்கள் பண்ணையார்களுக்கு வந்தன. இரவில் தானியப் போர்கள் எரிந்தன. மூன்று வருஷம் முன்புதான் ஜான் வாக்கர் உரசினால் பற்றும் தீக்குச்சியை விற்க ஆரம்பித்திருந்தார். சிக்கிமுக்கிக் கல்லோடு மல்லாடிய காலம் போய், சட்டைப் பைக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு இருட்டில் நடக்கலாம் என்று ஆகியிருந்தது. அடக்குமுறை வந்தபோது 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஏறக்குறைய 500 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியப் பக்கம் அனுப்பினார்கள். அந்தக் காலத்து எழுத்தில் 'இன்சென்டியரி' மறுபடி மறுபடி வருகிறது. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்: தீ வைத்தவன், கலகத்தைத் தூண்டியவன். தானியப் போரைக் கொளுத்தியவனும், கூலி போதவில்லை என்று கூட்டத்தில் பேசியவனும் ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். பசி என்ற காரணம் அந்தச் சொல்லில் எங்குமே இல்லை.

நம் 'கொள்ளி வைப்பவன்' இதற்குக் கிட்டத்தில் வரும். 'குடும்பத்துக்கே கொள்ளி வச்சிட்டான்' என்கிறோம். ஆனால் 'எனக்குக் கொள்ளி வைக்க ஒரு பிள்ளை இல்லையே' என்று அழுவதும் அதே சொல்லால்தான். அந்த ஈரம் 'இன்சென்டியரி'யில் கிடையாது. எனவே இங்கே ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது.

சரி, ஆசிரியையின் சொல்லுக்கு வருகிறேன். 'பைரோமேனியாக்' மருத்துவத்தின் சொல். கிரேக்கத்தில் 'பைர்' என்றால் நெருப்பு. 1833-இல் மார்க் என்ற பிரெஞ்சு மருத்துவர் இப்படியொரு மனநோயைத் தனியாகப் பிரித்துப் பேசினார். இன்றைய மனநல மருத்துவத்தில் அதற்கு வரையறை கறாரானது. ஒரு தடவைக்கு மேல் வேண்டுமென்றே தீ வைத்திருக்க வேண்டும். வைக்கும் முன் மனத்தில் ஓர் இறுக்கம், வைத்தபின் ஒரு நிம்மதியோ இன்பமோ இருக்க வேண்டும். பணத்துக்காகவோ, பழிவாங்கவோ, வேறு குற்றத்தை மறைக்கவோ, கோபத்திலோ வைத்திருந்தால் அது இந்த நோயல்ல. தீவைப்பு வழக்கில் பிடிபடுகிறவர்களில் இந்த வரையறைக்குள் வருகிறவர்கள் மிக அரிது. ஒரே ஒரு முறை தீ வைத்த பையனை ஆசிரியை இப்படிச் சொல்வது தப்பு. அந்தத் தப்பு தமிழிலும் தெரிய வேண்டும். 'நெருப்புப் பைத்தியம்' என்று அவர் சொல்லட்டும். அதில் இருக்கும் அவசரத் தீர்ப்பு வாசகர் காதில் விழும்.

'ஃபயர்பக்' அமெரிக்கப் பேச்சிலிருந்து வந்தது. அதிலுள்ள 'பக்' ஒன்றின் மேல் கிறுக்குப் பிடித்தவர் என்ற பொருளில் வருவது. 'பக்' என்றால் பூச்சிதானே என்று 'நெருப்புப் பூச்சி' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இனி, நம்மிடம் சொல் இல்லை என்ற உங்கள் வருத்தம். எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஆங்கிலத்தில் நெருப்பை 'லைட்' செய்வது வேறு, வீட்டுக்கு 'செட் ஃபயர்' செய்வது வேறு. நாமும் குளிருக்கு நெருப்பு மூட்டுகிறோம், அடுப்பைப் பற்றவைக்கிறோம், சொக்கப்பனை கொளுத்துகிறோம். வீட்டுக்கோ தீ வைக்கிறார்கள். அந்த 'க்கு' ஒன்றே பகையைச் சொல்லிவிடுகிறது. நம் நுட்பமெல்லாம் வினையில் இருக்கிறது.

'தீவைப்பாளர்' எனக்கு உறுத்துவதும் அதனால்தான். எழுத்தாளர், பேச்சாளர், மொழிபெயர்ப்பாளர் என்ற வரிசையில் அது நிற்கிறது. ஓயாமல் அதையே செய்கிறவர் என்ற தொனி அதில் ஏறிவிடுகிறது. 'தீ வைத்தவன்' அப்படியில்லை. ஒரு நாள், ஒரு கொட்டகை, ஒரு செயல், அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் யார் என்று அந்தச் சொல் பேசுவதில்லை.

பத்திரிகை வரும் இடத்தில் 'கொட்டகைக்குத் தீ வைத்த சிறுவன்' என்று எழுதிப் பாருங்கள். நீளம் என்று பதிப்பாசிரியர் சொல்வார். இருக்கட்டும். அவனுக்குப் பதினான்கு வயது என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

அன்புடன்.