எந்த விலங்கில் எந்த வைரஸ்: திறந்த தரவுத்தளம் என்பது என்ன?

எந்த வைரஸ் எந்த முதுகெலும்புள்ள விலங்கில் காணப்பட்டது என்று ஜோடி ஜோடியாகப் பதிந்து, யாரும் இலவசமாக இறக்கிப் பார்க்க வைத்திருக்கும் அட்டவணைதான் இது. வீவக அடுக்குமாடி புளோக்கில் எந்த வீட்டில் யார் தங்கியிருக்கிறார் என்ற பட்டியல் மாதிரி. ஒரே ஆள் மூன்று வீடுகளில் தங்கினாலும் தெரிந்துவிடும்.

எதற்கு இது? 1999இல் சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நிப்பா வைரஸ் தொற்றியது, ஒருவர் இறந்தார். மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளிடமிருந்து பரவியது அது. வைரஸின் இயற்கை இருப்பிடமோ பழந்தின்னி வௌவால். இந்த மாதிரித் தகவல்கள் நூற்றுக்கணக்கான ஆய்விதழ்களில் சிதறிக் கிடக்கும். போதாக்குறைக்கு, ஒரே விலங்குக்கு ஆளுக்கொரு பெயர்! 2022இல் வெளியான ‘விரியான்’ போன்ற தளங்கள் பெயர்களைச் சீராக்கி எல்லாவற்றையும் ஒன்றாக்குகின்றன. சலிப்பான வேலைதான், ஆனால் அடுத்து எந்த விலங்கைச் சோதிக்கலாம் என்று கணிக்க இதுவே அடிப்படை.

பட்டியலில் இருக்கும் விலங்கெல்லாம் நமக்கு நோய் பரப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, சில பதிவுகளுக்கு ஆதாரம் பழைய தொற்று விட்டுச்சென்ற எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) மட்டுமே. பட்டியலில் பெயர் இல்லாத விலங்கை யாருமே சோதிக்காமலும் இருந்திருக்கலாம்.