டப்பாவில் ‘பயோஎன்ஜினியர்டு’ என்று போட்டிருந்தால் பயப்படணுமா?

தங்கச்சி, அமெரிக்கா வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, சீரியல் டப்பாவின் ஓரத்தில் ‘பயோஎன்ஜினியர்டு’, அதாவது மரபணு மாற்றியது என்ற பச்சை வட்டத்தைப் பார்த்ததிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கு எதைக் கொடுப்பதென்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே எல்லாமே மரபணு மாற்றியது, ஆர்கானிக் தவிர எதையும் தொடாதே என்கிறாராம் தோழி. ஒரு சம்பளத்தில் அது கட்டுப்படியாகவில்லை. இந்த ஊர்க்காரர்கள் இதைப் பற்றி என்னதான் நினைக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் குழந்தை விஷயம். தைரியமாகக் கொடுங்கள். இந்த நாட்டின் தேசிய அறிவியல் கழகம் நூற்றுக்கணக்கான ஆய்வுகளை அலசி, 2016-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. மற்ற உணவைவிட இது உடம்புக்குக் கெடுதல் என்று காட்டும் உறுதியான ஆதாரம் எதுவும் அதில் இல்லை. அந்த வட்டமும் எச்சரிக்கை அல்ல, வெறும் தகவல். 2022 ஜனவரி 1 முதல் சட்டப்படி போட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

‘எல்லாமே’ என்பதும் சரியில்லை. மக்காச்சோளம், சோயா, பருத்தி மூன்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் மாற்றிய விதைதான். எண்ணெய் எடுக்கும் கனோலாவும் சர்க்கரை எடுக்கும் பீட்டும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் நீங்கள் தினம் சமைக்கிற அரிசி, கோதுமை, துவரம்பருப்பு, உளுந்து எதிலும் அது கடைக்கு வரவில்லை. அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் எண்ணெயை மட்டும் மாற்றுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றிலும் இந்தப் பிரச்சினையே இல்லை. உப்பு பாக்கெட்டில் ‘நான் ஜிஎம்ஓ’ (Non-GMO), அதாவது மரபணு மாற்றாதது என்று போட்டிருப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், உப்புக்கு ஏது மரபணு!

அப்புறம், ஊர்க்காரர்கள் நினைப்பு. 2015-ல் பியூ ஆய்வு மையம் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. இந்த உணவு பாதுகாப்பானது என்று சொன்ன விஞ்ஞானிகள் 88 சதவீதம், பொதுமக்கள் 37 சதவீதம். இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் என்று நானும் நிறைய யோசித்திருக்கிறேன். மக்களுக்கு அறிவியல் புரியவில்லை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. 1994-ல் முதல் மரபணு மாற்றத் தக்காளி கடைக்கு வந்தது. அதிலிருந்து கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு, இன்ன பொருளில் இது இருக்கிறது என்று சொல்லும் கட்டாயமே யாருக்கும் இல்லை. கலிபோர்னியாவில் 2012-ல் இதற்காக வாக்கெடுப்பே நடத்தி, மயிரிழையில் தோற்றார்கள். சொல்லாமல் ஊட்டினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வெர்மான்ட் மாநிலம் 2016 ஜூலையில் டப்பாவில் எழுதியாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பயம் கூடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் அங்கே எதிர்ப்பு 19 சதவீதம் குறைந்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

நான் இருப்பது அயோவா மாநிலத்தில், சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் விவசாயி. ஒரு அறுவடைக் காலத்தில் கதிர் ஒன்றை உரித்துக் காட்டினார், ஒரு துளை கிடையாது. அவர் அப்பா காலத்தில் தண்டை முறித்தால் உள்ளே புழு நெளியுமாம். 1996-ல் பி.டி. விதை, அதாவது புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியா மரபணுவை வைத்த மக்காச்சோள விதை வந்த பிறகு அந்தப் புழுவைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது என்றார். அதே மனுஷர் சோயா வரிசைக்குள் என்னைக் கூட்டிப்போய் ஒரு களையைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். சிவந்த தண்டு, வழுவழு இலை. அப்படியே நம் தண்டுக்கீரை மாதிரி இருந்தது. உண்மையில் அதே குடும்பம்தான், இங்கே வாட்டர்ஹெம்ப் என்பார்கள். ஒரே செடி லட்சக்கணக்கில் விதை போடும். மாற்றிய சோயா களைக்கொல்லியைத் தாங்கும் என்பதால் வருடா வருடம் ஒரே மருந்தை அடித்து அடித்து, இப்போது அந்த மருந்துக்கு அது சாவதில்லை. அறுவடை விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கவும் முடியாது, வைக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் மூட்டை வாங்குகிறார்.

என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது இதைத்தான். தட்டில் விழுவதைவிட வயலில் நடப்பதும், விதை யார் கையில் இருக்கிறது என்பதும்தான் பெரிய விஷயம். வேண்டாம் என்கிற பலருடைய மனசிலும் இதுதான் இருக்கிறது, பேச்சு மட்டும் புற்றுநோய், விஷம் என்று வேறு பக்கம் போய்விடுகிறது.

மற்றபடி இதற்காக இங்கே யாரும் சண்டை போடுவதில்லை. பூங்காவில் நான் பழகும் அம்மாக்களில் ஒருவர் ‘நான் ஜிஎம்ஓ’ என்பதற்கான பட்டாம்பூச்சி முத்திரையைத் தேடித் தேடி வாங்குவார். இன்னொருவர் முத்திரை இருப்பதையே கவனித்ததில்லை. பிள்ளைகள் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து தின்கிறார்கள். உங்கள் தோழி ஆர்கானிக்தான் வாங்குவேன் என்றால் வாங்கட்டும், அவரோடு வாதாடாதீர்கள்.

குழந்தை பப்பாளி என்றால் உயிரை விடுகிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். ஹவாய்ப் பப்பாளி என்றால் அது பெரும்பாலும் மாற்றப்பட்டதே. தொண்ணூறுகளில் ஒரு வைரஸ் அங்கே தோட்டம் தோட்டமாக அழித்துக்கொண்டு வந்தது. அதே வைரஸின் ஒரு மரபணுவை மரத்துக்குள் வைத்து, 1998-ல் விவசாயிகளுக்கு விதை கொடுத்துக் காப்பாற்றினார்கள். என் பிள்ளைகள் அதைத் தின்றுதான் வளர்ந்தார்கள். காம்புப் பக்கம் லேசாக அமுங்குகிற பழமாகப் பார்த்து எடுங்கள்.